மூலைச் சதுரம்

இகோமா சவாகோவின் முகத்தை
பத்தொன்பது ஆண்டுகளாக
திரையின் வலப்பக்க மேல்மூலையில்
தீப்பெட்டி அளவில் பார்த்துவருகிறேன்.

நான் எழுத்துப் போடுகிறவன்.
டோக்கியோவில், மூன்றாம் தளத்தில்,
சன்னல் இல்லாத அறை.
அவர் "ஏஏ!" என்று வியந்தால்
மஞ்சளில் "ஏஏ!" என்று போடுவேன்.
ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்று புள்ளி.
மௌனத்துக்கு ஊதா நிழல்,
அது நிலையத்தின் விதி.

பனியில் புதைந்த நாயை யாரோ மீட்கிறார்கள்.
பெரிய திரை நாய்க்கு.
சின்னச் சதுரம் அவருக்கு:
கண் கலங்க நான்கு நொடி,
கைக்குட்டைக்கு இரண்டு,
நாய் வாலாட்டியதும் ஒரு சிரிப்பு.
பிறகு விளம்பரம்.

பதினேழு வயதில் அவரும் விளம்பரம்தான்.
சகாய்மினாதோ துறைமுகத்து
ஐஸ் ஆலைக் கணக்கரின் மகள்
பற்பசைக் குழாயை உயர்த்தி
"காலை வந்துவிட்டது" என்றார்.
வந்தது.
கியோத்தோ படப்பிடிப்புத் தளத்தில்
சரித்திரத் தொடர்களுக்காக ஏழு முறை செத்தார்:
வாளால் இரண்டு, ஆற்றில் நான்கு,
ஒன்று எதனால் என்று
இயக்குநரே சொல்லவில்லை.
அப்புறம் வியாழன் இரவுகளில்
துப்பறிவாளரின் மனைவி.
ஒன்பது ஆண்டுகள் கதவைத் திறந்து
"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.
துப்பறிவாளர் ஓய்வு பெற்றார்.
மனைவி எங்கே போனாள் என்று
யாரும் துப்பறியவில்லை.

"இனி வாய்தான் சோறு போடும்" என்றார் மேலாளர் உசாமி.
உண்மையிலேயே வாய்க்குள் போட்டார்கள்.
வெந்நீர் ஊற்றுகள், சத்திரங்கள், நண்டு.
எத்தனை நண்டு!
நண்டின் வாடையிலேயே வளர்ந்தவருக்கு
நண்டு குமட்டும்.
ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்:
வெட்டாத காட்சிகளை நான் பார்க்கிறேன்.
"நிறுத்து" என்றதும் காகிதத்தில் துப்புவார்,
தண்ணீர் கேட்பார், மறுபடி சிரிப்பார்.
நான் ஜிகினா வைத்து எழுதுவேன்:
நாவில் உருகுகிறது!

ஒரு நவம்பர்.
சிறைக்குப் போன மகனுக்கு
ஸ்வெட்டர் பின்னும் அம்மா, பெரிய திரையில்.
சதுரத்தில் சவாகோ சான் அசையவே இல்லை.
அழவில்லை, தலையாட்டவில்லை.
சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்,
கேமரா இல்லாத இடத்தில் பார்ப்பதுபோல.
"இது செல்லாது" என்றார் தயாரிப்பாளர்.
போன மார்ச்சின் அழுகை ஒன்றை எடுத்து
அந்த இடத்தில் ஒட்டினேன்.
கண்டுபிடித்தது அகிதாவிலிருந்து ஒரே ஒரு கடிதம்:
அம்மையாரின் காதணி
நடுவில் மாறிவிட்டதே?

மறுவாரம் அவரே வந்தார்,
பீன்ஸ் பூரணம் வைத்த இனிப்புப் பெட்டியோடு.
"எந்த அழுகையை வெச்சீங்க? காட்டுங்க."
காட்டினேன்.
குனிந்து, கண்ணாடி போட்டு, இரண்டு முறை பார்த்தார்.
"இது அழுகை இல்லீங்க.
கொட்டாவியை அடக்கினேன்."

இருவரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஐம்பத்தேழில் நிகழ்ச்சியை விட்டார்.
பூங்கொத்து, கைதட்டல்.
அன்று மட்டும் அவர் பெரிய திரையில்;
மூலைச் சதுரத்தில் வேறொரு பெண்
நான்கு நொடி கலங்கினாள்.

போன வாரம் ஷிமோகிதாசாவாவில்
நிலவறை அரங்கம், அறுபது நாற்காலி.
மேடையில் ஒரு மேசை, அவர், ஒரு பெர்சிமன் பழம்.
தோல் சீவுகிறார்.
ஆறு நிமிடம் வசனம் இல்லை.
அவருக்கு முழங்கால்கள் உண்டு,
இடது பாதம் லேசாக உள்ளே திரும்பும் என்பதெல்லாம்
அன்றுதான் தெரிந்தது.
முன்வரிசையில் ஒருவர் இருமினார்.
இருமல் முடியும்வரை கத்தி காத்திருந்தது.
இருட்டில், என் தொடைமேல்,
விரல் தானாகவே
மூன்று புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தது.
ஊதாவா, வேண்டாமா?

வாசலில் குடையை விரித்தபடி கேட்டார்:
"எப்படி இருந்தது?"
என் வாயில் வந்தது
அவருடைய "ஏஏ"தான்.
"என்ன நிறத்துல?" என்றார்.
"வெள்ளை" என்றேன்,
"ஓரக்கோடு இல்லாம."

மழை.
கடைசி ரயிலுக்கு ஏழு நிமிடம்.
அவர் வேறு பக்கம் போக வேண்டியவர்.