ஒன்பதாம் இலக்க ஊசி

லென்ஸ் முழுக்கப் பூஞ்சணம்.
கழற்றி எறிந்துவிட்டு
சோடா டின்னில் வெட்டிய தகட்டை
மெலியத் தேய்த்து
ஒன்பதாம் இலக்க ஊசியால் ஒரு குத்து.
துருத்தியை இழுத்தேன்;
நனைந்த ஆர்மோனியம் போல் மூச்சு விட்டது.

அப்புத்தளை ஸ்டேஷன். மதிலில் கமரா.
அறுநூறு வரை எண்ண வேண்டும்.
இருநூற்றுப் பத்தில் கோச்சி வந்தது,
ஏறினார்கள், இறங்கினார்கள்,
முந்நூறுக்குள் போய்விட்டது.

கழுவிப் பார்த்தால்
கோச்சி வெறும் வெளிறல்,
அதனூடே மலை தெரிகிறது.
ஏறியவர் இறங்கியவர் எவருமில்லை.
டிக்கட் எடுத்தும் ஏறாத கிரேஸ்மணி மட்டும்
வாங்கில்,
மடியில் பையோடு,
செருப்பு வார் வரை தெளிவாய்.

மூலையில் இன்னொரு படம்.
துருத்தியில் கரப்பான் கடித்த ஓட்டை
தன்பாட்டில் எடுத்தது:
சரிந்த சைப்ரஸ் ஒன்று.
சொன்னால் என்ன,
என்னுடையதை விடத் துலக்கம்.