மலை ஏறும் ரயிலுக்கு உடுப்பு

"எக்கா, புனலூர் போவ என்ன உடுத்தணும்?"
முருங்கைக்காய்க் கட்டின் மேல் உட்கார்ந்து
கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி
கேட்டாள் ஞானசெல்வி.
பாவூர்சத்திரம் நடைமேடையில் நடுச்சாமம்.
விளக்குக் கம்பத்தைச் சுற்றி
மார்கழிப் பனி நின்றுகொண்டிருந்தது,
அதற்கும் டிக்கெட் எடுத்ததுபோல.

சேலையென்றால் நூல் சேலை, செல்வி.
வழவழப்பெல்லாம் செங்கோட்டை தாண்டினால்
தகரம்.
உள்ளே மகளின் பழைய சுடிதார்க் கால்சட்டை.
தெரிந்தால் தெரியட்டும்,
பூ நிறுக்கிறவன் தராசைப் பார்ப்பானா
என் கரண்டைக்காலைப் பார்ப்பானா?
பாதத்துக்குப் பள்ளிக்கூடத்து வெள்ளை உறை போதும்.
பெருவிரலில் ஓட்டை இருந்தால்
இடது வலது மாற்றிப் போடு,
ஓட்டை சுண்டுவிரலுக்குப் போய்விடும்.
சுண்டுவிரல் புகார் சொல்லாது.

காதை மூடு. துண்டை இறுக்கிக் கட்டு.
சாரல் காலத்துக் குளிர் வேறு,
அது நனைத்துவிட்டுப் போய்விடும்.
இது நுழையும்.
பகவதிபுரம் கழிந்து குகை வருமே,
அங்கே ஒரு காது திறந்திருந்தால் போதும்,
புனலூர் வரை உனக்குள்ளேயே உட்கார்ந்து வரும்.

செங்கோட்டையில் வண்டியை நிறுத்தி
பின்னாலும் ஓர் இஞ்சின் பூட்டுவார்கள்.
மலைக்கு ரயிலே ஒன்றின் மேல் ஒன்று உடுத்துகிறது,
நமக்கென்ன வெட்கம்?

மாலை போட்ட சாமிகள் ஏறுவார்கள்,
கறுப்பு வேட்டி, திறந்த மார்பு.
ஒருநாள் கேட்டேவிட்டேன்:
"சாமி, குளிரலையா?"
"குளிருதும்மா. சொல்லப்பிடாது."

என் பிச்சி மூட்டைக்கு ஈரச் சாக்கு,
அதன்மேல் வாழைச் சருகு,
அதன்மேல் மறுபடி தண்ணீர்.
அது குளிர்ந்தால்தான் காசு,
நான் காய்ந்தால்தான் உயிர்.
ஒரே இருக்கையில் இடித்துக்கொண்டு போகிறோம்.
பனியில் அரும்பு குறைந்து
விலை ஏறிக் கிடக்கிற நாட்களில்
நான் ஓரமாய் நிற்பேன்,
அது உட்கார்ந்து வரும்.

"நெஞ்சுக்கு என்னக்கா?"

நெஞ்சுக்கு ஆம்பளைச் சட்டை. முழுக்கை.
சேலைக்கு மேல் போட்டுக்கொள்.
இது உச்சிமாகாளியுடையது.
அவர் விட்டுப்போனது இரண்டு சாமான்:
ஒரு சைக்கிள் பம்பு, இந்தச் சட்டை.
பிரியத்தில் வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே.
துணி கனம்.

போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை.
கழுதுருட்டிப் பாலத்தின் கண்களில்
புகைபோல ஏதோ அடைத்துக் கிடந்தது.
தென்மலையில் யாரோ இருமினார்கள்,
பெட்டி முழுக்க இருமியது.
புனலூரில் இறங்குகிறேன்,
டீக்கடை ஓரத்தில் அவர்.

அரைக்கைச் சட்டை. மெல்லிசு.
இரண்டு கையையும் கக்கத்தில் செருகி
ஒரு காலை மறுகாலில் தேய்த்துக்கொண்டு.
எவளோடு போனாரோ அவள்
பக்கத்தில் இல்லை. வீட்டில் இருந்திருக்கலாம்.
இல்லாமலும் இருந்திருக்கலாம்.

முதலில் அவர் பார்த்தது என்னையல்ல,
சட்டையை.
மூன்றாவது பித்தான் மட்டும் பச்சை.
நான் தைத்தது. அன்றைக்கு அதற்கு
ஒரு சண்டை போட்டிருக்கிறார்.
பச்சையைப் பார்த்தார், பிறகு மேலே வந்தார்.
வாய் திறந்தது.
ஆவிதான் வந்தது.

நான் என்ன செய்தேன் என்கிறாய்?
மூட்டையை இறக்கினேன்.
கடைக்காரப் பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்,
தேவையைவிடக் கொஞ்சம் சத்தமாக.
திறந்து கிடந்த கழுத்துப் பித்தானை
விரல் மரத்துப்போய், இரண்டு தரம் நழுவி,
மூன்றாம் தரத்தில் போட்டேன்.

திரும்பும் வண்டியில் வெயில்.
எல்லாரும் ஒவ்வொன்றாய்க் கழற்றினார்கள்.
ஆரியங்காவு வரை
எனக்கு வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

உன்னிடம் முழுக்கை இல்லையா?
தம்பியிடம் கேள்.
கேட்கிறபோது
திருப்பித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

விளக்கு தெரியுது பார்.
கட்டை அந்தப் பக்கம் பிடி.
இல்லை, நுனியைப் பிடிக்காதே, ஒடியும்.