அரைத் தவ்

கோழிப்பண்ணைக் கொட்டகையில்
பதினாறு வருஷம் கிடந்த மேட்ச்லெஸ்ஸின்
தலையை மட்டும் கழற்றி
உரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்தார் ஹேமாத்ரி.
அதன் இரும்புச் செட்டைகளுக்கிடையே
நிஜ இறகுகள் ஒட்டியிருந்தன.

வால்வு கைடு இரண்டும் தேய்ந்து முட்டை வடிவம்.
புதுப்பேட்டைவரை தேடிவிட்டு
“எக்கடா தொரகலேது, பரிமளக்கா” என்றார்.

நகரியில் என் பட்டறைக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி.
நூல் என்றால் அவர்களுக்குப் பாவில் ஓடுவது,
எனக்கு இஞ்சில் எட்டில் ஒன்று.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிழைக்கிறோம்.
தவ் அப்படியில்லை.
இஞ்சை ஆயிரமாய் நறுக்கினால் கிடைக்கும் அந்தப் பொடி
எனக்கு மட்டும் சொந்தம்.

வண்டியின் கணக்கு இஞ்சில்,
என் மைக்ரோமீட்டர் மில்லிமீட்டரில்.
ஹேமாத்ரி தெலுங்கில் எண்ணினார்,
நான் தமிழில் பெருக்கிச் சுவரில் எழுதினேன்.
பட்டாலாவிலிருந்து வந்த லேத்
எந்தப் பாஷையும் கேட்காது.
கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றியபிறகுதான் நகரும்,
அவ்வளவுதான் அதன் பிடிவாதம்.

வெண்கலம் காயலான் கடையில் எடைக்கு எடுத்தது.
ஏதோ சர்க்கரை ஆலையின் ரோலர் புஷ்.
சீவல் வெல்லத் துருவலாய்ப் பறந்து
நைட்டிமேல் போட்ட காக்கிச் சட்டையின்
கழுத்துவழியே இறங்கிச் சுட்டது.

தலையின் துளையைவிட
கைடு ஒன்றரைத் தவ் பருமனாக இருக்கவேண்டும்.
தலையைச் சுடவைத்தால் துளை விரியும்,
கைடை ஃபிரிட்ஜில் வைத்தால் சுருங்கும்.
ஒரு கணம் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும்.
அப்புறம் ஆயுசுக்கும் விடாது.

முதல் கைடு சொன்னபடி வந்தது.
இரண்டாவதில் கடைசி வெட்டு முடியவும்
கரண்ட் போகவும் சரியாக இருந்தது.
எழுபது தறி ஒரே மூச்சில் நின்றன.
அந்த அமைதியில் அளந்தேன்.
ஒன்றரை. முடியளவு பிசகில்லை.
டீ குடிக்கப் போனோம்.

வந்து மறுபடி அளந்தால்
அரைத் தவ் குறைவு.

சூட்டில் அளந்திருக்கிறேன்.
“ஆறட்டும்டா, ஆறட்டும்டா” என்று
எத்தனை பையன்களைக் கத்தியிருப்பேன் நான்.

“போட்டால் ஓடுமா?” என்றார்.
ஓடும். திருப்பதிவரை ஓடும்.
அப்புறம் சூடேறித் தளரும், நீலப்புகை கக்கும்.
“திருப்பதிக்கு அப்பால் எனக்கென்ன வேலை?”
அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.
மிச்சத் துண்டைக் குத்திநிறுத்திப் பார்த்தேன்,
நீளத்தில் மூன்று நூல் போதாது.
திரும்பவும் காயலான் கடை,
திரும்பவும் தராசு,
காசு என் கையிலிருந்து.

மூன்றாவதை இறக்கி
ஈரச்சாக்கின்மேல் வைத்துவிட்டு
தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.
கரண்ட் வந்து, தறி ஓடி,
யார் வீட்டிலோ குக்கர் நான்கு விசில் அடிக்கும்வரை.

ஆவணியில் ஒன்பதாவது உதைக்குப் பிடித்தது.
ரேணிகுண்டா போனார், வந்தார்.
பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் மாசத்தில் விற்றார்.
பெங்களூரில் யாரோ வாங்கி
எண்ணெயெல்லாம் வடித்துவிட்டு
வரவேற்பறையில் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறாராம்.
என் இரண்டு நல்ல கைடும்
அதற்குள்ளே ஆறிக்கிடக்கின்றன.

குறைந்துபோனதை நான் எறியவில்லை.
பாதியாக அறுத்து, துளையை அகட்டி,
வஜ்ரவேலுவின் மூன்றாம் தறியில்
துணி சுருட்டும் ராட்செட்டுக்குப் புஷ்ஷாகத் தட்டினேன்.
நாளுக்குப் பதினான்கு மணிநேரம்
ஒவ்வொரு பல்லாய்
பாவாடைத் துணியை இழுத்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் விட மறந்தால் கீச்சிடும்.
வஜ்ரவேலுவுக்குக் காது மந்தம்.
சுவரை நான்தான் தட்டவேண்டும்.