கிட்டே

பாஸ்போர்ட்டில் நான் பியோன் கி-தே.
குளச்சல் துறைமுகத்தில் முதல் வாரமே அது தேய்ந்து
கிட்டே ஆகிவிட்டது.
ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவனை
"லேய், கிட்டே எங்க?" என்று தேடுகிறார்கள்.

வந்த புதிதில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்:
உங்க பாஷையிலயும் அம்மா, அப்பாதானே.
ஆமாம் என்று டீ குடித்தேன்.
இருவரையும் புதைத்துவிட்டு வந்தவன் என்பது
நாலாவது டீயில்தான் எனக்கே உறைத்தது.

அடுத்த கேள்வி, ஆர்சியா, சிஎஸ்ஐயா?
அதற்கு அடுத்தது, வீடு எந்தப் பக்கம்?
கோபம் வரவில்லை. பழக்கம்தான்.
கோஜே தீவில் பெயர் கேட்ட கையோடு
பிறந்த வருடம் கேட்பார்கள்.
அது தெரிந்த பிறகே வினைச்சொல்லுக்கு வால் முளைக்கும்.
ஒரு வயது மூத்தவனென்றால்
இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும்.
இருபது வருடம் சுவரைப் பார்த்தே குடித்தேன்.

கப்பல் தளத்தில் வெல்டர்.
ஆட்குறைப்புப் பட்டியல் ஒட்டிய அன்று
என்னைவிட இளைய மேலாளன்
உச்ச மரியாதை விகுதியில் என்னை வெளியே அனுப்பினான்.
ஒரு சொல்லிலும் குறை இல்லை.
அதே குழாயின் மறுமுனையில் பற்றவைத்துக்கொண்டிருந்த
கிளீட்டஸ்தான் சொன்னான்:
"எங்க ஊருக்கு வாரும் வேய்,
அங்க போட்டுக்கெல்லாம் எஞ்சின் உண்டும்."

அவன் மகள் ஜெனிலா நீட் எழுதுகிறாள், இரண்டாம் முறை.
மார்த்தாண்டத்தில் பாலத்துக்குக் கீழே
ரேங்க் போட்ட முகங்களின் பிளக்ஸைப் பார்த்து
ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்,
சொந்தக்காரர்களைக் கண்டதுபோல.
அங்கே ஆங்கிலக் கேட்டல் தேர்வு முடியும்வரை
விமானங்கள் இறங்காமல் வட்டமடிக்கும்.
இங்கே தேர்வுக்கு முந்தின இரவு திருவிழா,
அவள் ஜன்னலுக்கு நேராகக் குழாய் ஸ்பீக்கர்.
எந்த ஊருக்குப் பிள்ளைகள்மேல் இரக்கம் அதிகம்,
தெரியவில்லை.
என் அக்காள் மகனுக்காக விமானங்கள் மூன்று வருடம் காத்திருந்தன.
அவன் அறைக்கதவு இன்னும் திறக்கவில்லை.

ஜெனிலாதான் என்னைத் திருத்தினாள்.
"நம்ம ஊர்ல குளிர்காலத்தில கடல் புகையும்" என்றேன்.
"எங்க ஊர்லன்னு சொல்லணும் மாமா.
நம்மன்னா நாங்களும் அங்க உண்டும்."

எங்களுக்கு ஒரே சொல், உரி.
உரி நாடு, உரி வீடு.
ஒற்றைப் பிள்ளையும் உரி அம்மா என்றே அழும்.
கேட்பவன் உள்ளேயா வெளியேயா
அந்தச் சொல் திரும்பிப் பார்ப்பதில்லை.
(இங்கே அது வெங்காயத்துக்கான சொல்.)
பணிந்து சொல்ல இன்னொன்றும் இருக்கிறது.
நாட்டுக்கு முன்னால் அதைப் போட்டதற்கு
நாலாம் வகுப்பில் உள்ளங்கை சிவந்தது.
உன்னைத் தாழ்த்திக்கொள், நாட்டைத் தாழ்த்தாதே.

நேற்றுச் சாயங்காலம் மணலில்
நெத்தோலி காயும் வாடைக்கு நடுவே அக்காள் அழைத்தாள்.
எங்கள் பக்கம் அதை அவித்துக் காயவைப்போம்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் அவள்:
உரி வீட்டை விற்றாகிவிட்டது.
இருபத்தேழு மாடி வருகிறதாம்.
ஒழுகும் இடத்தில் நான் வைத்த வாளி
அப்படியே இருந்ததாம்.

அந்த ஒரு சொல்லைத் தமிழில் போட்டுப் பார்த்தேன்.
நம்ம வீடு.
எங்க வீடு.
இரண்டுமே பொருந்தின.
எதைச் சொன்னாய் என்று கேட்க
அவளிடம் பேசும் மொழியில் வழியில்லை.
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.
வாளியை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

ஐஸ் வண்டிக்குப் பின்னாலிருந்து கிளீட்டஸ் கத்தினான்:
"கிட்டே வரணும்! நம்ம போட்டு ஸ்டார்ட் ஆகல!"
அந்தப் போட்டில் எனக்கு ஒரு பலகைகூடச் சொந்தமில்லை.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தேடினேன்.
அது எப்போதும்போல
கிடைக்க நேரமானது.