பங்கு

முதலில் சொன்னது பூட்ஸ்தான்.
இடதுகால் நுனி மட்டும் தேய்ந்திருந்தது.
தூரே கடையில் போய்ச் சண்டை போட்டு
புது ஜோடி வாங்கி வந்தான்.
அதுவும் அதே இடத்தில் தேய்ந்தது.

அம்மாவுக்கும் அப்படித்தான்.
எங்கள் வீட்டில் அதை யாரும் நோய் என்றதில்லை.
விறகுக்கால் என்போம்.
மாமாவுக்கு விறகுக்கால், அவர் அப்பாவுக்கும் விறகுக்கால்,
பனியில் மரம் இழுத்தவர்களுக்கு வரும் என்று.
அம்மா மரம் இழுத்ததே இல்லை.
தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள்.

ஓலு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு படம் போட்டாள்.
ஆண் சதுரம், பெண் வட்டம்,
போனவர்கள் கறுப்பு.
கடைசி வரிசையில் மூன்று வெள்ளை:
தூரே, நான், ஏவெர்ட்.
பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு
எங்கள் கண்ணெதிரே
தூரேயின் சதுரத்தை நிரப்பினாள்,
கோட்டைத் தாண்டாமல்,
நல்ல பிள்ளை வண்ணம் தீட்டுவது போல.

ஏவெர்ட் ரத்தம் கொடுத்தான். இல்லை என்று வந்தது.
அன்றிலிருந்து எங்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை.
அண்ணனைத் தூக்குவது அவன், சவரம் செய்வது அவன்,
இரவு இரண்டு மணிக்கு
மூச்சு மெஷினின் குழாயைத் துடைப்பதும் அவன்.
"வாங்காத கடனுக்கு வட்டி கட்டுகிறான்" என்றான் தூரே,
வாய் இருந்தபோது.

நான் கொடுக்கவில்லை.
வேலைக்குப் போகும் வழியில் பதினாலு படி.
ஒவ்வொரு நாளும் எண்ணுகிறேன்,
கூடிவிடுமோ என்பது போல.

குரல் போகுமுன் பதிந்து வைக்கச் சொன்னார்கள்.
முந்நூறு வாக்கியம்.
எங்கள் ஆற்றுப்பேச்சு கணினிக்குப் புரியவில்லை.
சொல்லின் நடுவே நாங்கள் விடும் அந்த மூச்சை
பிழை என்று சிவப்பில் காட்டியது.
தூரே அதை வைதான்.
வைததும் பிழை என்றது.
இன்று அவன் கண்ணால் எழுத
தலைநகர் வானொலியில்
வானிலை வாசிப்பவனைப் போல ஒருவன் பேசுகிறான்:
"தயவுசெய்து எனது மூக்கைச் சொறியவும்."
சிரித்துச் சிரித்து ஏவெர்ட்டுக்கே புரையேறியது.
நாய் மட்டும் அந்தக் குரலுக்கு எழுந்து வருவதில்லை.

ஜூலையில் வெள்ளைமீன் ஏறும்.
பாறைகள் நடுவே பலகை கட்டி
நீளக்கழி வலையால் அள்ளுவார்கள்.
ஆறு மணிக்குக் கரையில் பிரிப்பு.
அக்கரை ஸ்வீடனில் அப்போதுதான் ஐந்து.
பழைய பட்டியல்படி வீட்டுக்கு வீடு பங்கு:
வலை எடுத்தவனுக்கும் உண்டு,
எடுக்காதவனுக்கும் உண்டு.
வேண்டாம் என்று சொல்ல வழியில்லை,
வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த வருடமும் தூரேயின் பங்கு வந்தது. ஏழு மீன்.
அவன் நாற்காலியைப் புகையடுப்புப் பக்கம் தள்ளி வைத்தோம்.
வாயால் சாப்பிட்டு ஒன்பது மாதம்,
வாசனையாவது இருக்கட்டும்.
அவன் மகள் ஹில்லா என்னோடு செதில் சீவினாள்.
பத்தொன்பது வயது.
அவள் கெண்டைக்காலை நான் பார்க்காமல் இருந்தேன்.
தோலுக்கடியில் ஏதாவது துடிக்கிறதா,
மெல்லிய பனிக்கட்டிக்குக் கீழே மீன் திரும்புவது போல.

"அத்தை, நீ ஏன் போகவில்லை?"

கத்தியைக் கழுவினேன்.
மறுபடி கழுவினேன்.
பயம் என்று சொல்லியிருக்கலாம்.
வேலை நெருக்கடி என்றேன்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.
காலையில் பஸ் இல்லை. கார் ஓட்டுவாயா?"

"ஓட்டுகிறேன்."

"உள்ளே வரவேண்டாம். காரிலேயே இரு."

"வருகிறேன்" என்றேன்.
உள்ளே என்று சொன்னேனா,
கார் வரைக்கும் என்று சொன்னேனா,
அவளும் கேட்கவில்லை.
மீனைக் கம்பியில் கோர்த்து அடுப்பில் தொங்கவிட்டேன்.

தூரேயின் கண் திரையில் ஓடத் தொடங்கியது.
நிற்கிறது, எழுத்தைத் தேடுகிறது, அழிக்கிறது.
ஏவெர்ட் கரித்துணியோடு நின்றுவிட்டான்.
ஹில்லா அப்பாவுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள்.
காது முழுக்க ஆறு.
அவ்வளவு நேரம் ஒருவன் எழுதினால்
என்ன சொல்வான் என்று
எனக்கு வயிறு புரட்டியது.

வானிலைக்காரன் சொன்னான்:
"ரைலி. மீனுக்கு உப்பு போடவில்லை."

போடவில்லைதான்.