இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு

செவ்வாய் இரவு நான் தூங்கும்போது
அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் புது ஐகான், புதுச் சாம்பல் நிறம்,
"இனி எல்லாம் எளிது" என்று ஒரு வரி.
இடப்பக்கம், ஆறு வருடமாய் நான் சேர்த்த பிரீசெட்கள் இருந்த இடம்
துடைத்து வைத்த தட்டு.

படகு-பழைய-டிவி.
படகு-பழைய-டிவி-இதுதான்-சரி.
ரமிரோ-தொடாதே.
மூன்றும் இல்லை.

புன்டா அரெனாஸிலிருந்து போர்வெனிர் போகும் படகில்
நான்கு டிவிகள்.
கொடுத்ததையெல்லாம் தின்கிற பிள்ளைகள் அல்ல.
பிட்ரேட் கொஞ்சம் ஏறினால் பச்சைக் கட்டமாய்க் கக்கும்,
ஒலியின் வகை மாறினால் வாயே திறக்காது.
ஒரு குளிர்காலம் முழுக்க ரமிரோவும் நானும்
ஊட்டி ஊட்டிக் கண்டுபிடித்த பத்தியம்.
ரமிரோ இப்போது அன்டோஃபகஸ்டாவில்
சுரங்கத்துக்கு டிரோன் ஓட்டுகிறான். போன் போட்டேன்.
"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும், யாஸ்னா?
அதற்குத்தானே பிரீசெட்."
நியாயம்தான்.

மதியம் மூன்றுக்கு ஒரு புகைப்படம் அகப்பட்டது.
என் புது நகப்பூச்சைத் தங்கைக்குக் காட்ட எடுத்தது.
ஐந்து ஊதா நகங்கள்,
பின்னால் திரையில், மங்கலாய், என் மொத்தச் சொத்து.
அகலம் தெரிந்தது. உயரம் தெரிந்தது.
பிட்ரேட்டின் கடைசிப் பூஜ்யத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்தேன்.
ஃபிரேம் ரேட் இருந்த கட்டத்தின் மேல்
சரியாக
என் கட்டைவிரல்.

புதிய மென்பொருள் தானாகவே "முப்பது" என்று காட்டியது.
முழு எண். பார்க்கச் சுத்தமாய் இருந்தது.
நம்பிவிட்டேன்.

மூன்று வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இந்த ஊர்க் காற்று சொல்லை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும்;
தெருமுனையில் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
குரல் ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம் என்பது
எங்களுக்குப் புதிதல்ல.

நிபால்தோதான் வந்தார். ஆட்டு லாரிக்காரர்,
வாரம் இருமுறை கடப்பவர், தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்:
"அந்தப் படத்தின் கடைசியில், பண்ணைக்காரி பேசுவாளே,
அவள் புருஷன் செத்துப்போனதைச் சொல்லிவிட்டு
அப்புறம்தான் வாயைத் திறக்கிறாள்."

ஆயிரத்தில் ஒரு பங்கு.
முப்பதுக்கும் அந்த அசிங்கமான பழைய எண்ணுக்கும்
இடைவெளி அவ்வளவுதான்.
பாதுகாப்பு அறிவிப்பில் கண்ணுக்கே தெரியாது.
இரண்டு மணி இருபது நிமிடம் ஓடுகிற தொகுப்பில்
மெல்ல மெல்ல நழுவி
கரை தெரியும் நேரத்தில் எட்டு நொடி.
எட்டு நொடி அந்தப் பெண்
மூடிய உதட்டோடு, ஒரு கையில் தேநீர்க் கெட்டிலோடு,
தன் குரல் தன்னைத் தாண்டிப் போவதைக்
கேட்டுக்கொண்டிருப்பவள் போல.

இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு.
எழுதும்போதே ஞாபகம் வந்தது. ரமிரோ அதை
"முப்பதாகச் சோம்பல்பட்ட எண்" என்பான்.
மாஸ்கிங் டேப்பில் எல்லாவற்றையும் எழுதி
மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒட்டினேன்.
எந்தக் கம்பெனியும் ராத்திரி வந்து
டேப்பைப் புதுப்பிக்காது.

வியாழன் அன்று நானே படகேறினேன்.
அலை கண்ணாடியில் அறைந்தது.
கீழ்த்தளத்தில் ஆடுகள்; மேலே ஈரக் கம்பளி வாசனை,
யாரோ உரித்த ஆரஞ்சு.
பண்ணைக்காரி வந்தாள். கெட்டிலை இறக்கினாள்.
உதடு திறந்ததும் சொல் வந்தது,
பூட்டில் சாவி விழுந்தாற்போல்.
திரும்பிப் பார்த்தேன்.
நிபால்தோ தொப்பியை முகத்தில் கவிழ்த்து
குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலகம் திரும்பியபோது
திரையின் மூலையில் ஒரு நீலப் புள்ளி துடித்தது.
இன்னொரு பதிப்பு தயாராம்.
"இப்போதே" ஒன்று, "இன்றிரவு" ஒன்று.
"வேண்டாம்" எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.