குத்தூசி

கீழமாசி வீதியில் பருப்பு மண்டி.
மாசம் இருபது தேதிக்குள் நெட் தீர்ந்துவிடுகிறது.
"பெலவேந்திரன்தான். படம் பாக்குறான்" என்றார் முதலாளி.
மூட்டை தூக்குகிறவன் முதுகில்
இன்னொன்றை ஏற்றுவது சுலபம்.

கடை நெட் முழுக்க என் கம்ப்யூட்டர் வழியாகத்தான்.
கணக்கை முடித்துவிட்டு
ஒரு புரோகிராம் எழுதினேன். முப்பத்தெட்டு வரி.
யாரிடமிருந்து, எங்கே, எத்தனை பைட்,
அவ்வளவுதான் கேட்கும்.
மூட்டையில் குத்தூசி போடாது,
மேலே ஒட்டிய சீட்டை மட்டும் படிக்கும்.

முதல் ராத்திரி ஓடவில்லை.
ஒரு அடைப்புக்குறியைத் தேடி நாற்பது நிமிஷம்.
அப்புறம் ஓடியது பாருங்கள்,
விடியற்காலை லாரி சரக்கிறக்குகிற மாதிரி
வரி வரியாக, மூச்சுவிடாமல்.

எண் ஏழு: நாலு ஜிபி.
அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு,
விளக்குத்தூண் பக்கம் நாய்கூட அசையாத நேரம்.

ஏழு யார்?
கல்லாவுக்கு மேலே
எங்களைப் பார்க்க முதலாளி மாட்டிய கேமரா.
பெயர் தெரியாத ஏதோ ஊருக்கு
எங்களை அனுப்பிக்கொண்டிருந்தது,
அவர் எச்சில் தொட்டு எண்ணுகிற நோட்டையும் சேர்த்து.

அச்சடித்து நீட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டூல் போட்டு ஏறி
வயரைப் பிடுங்கியது பெலவேந்திரன்தான்.

இன்னும் ஒன்று பாக்கி.
எண் பன்னிரண்டு, அவன் போன்.
தினம் மதியம் ஒன்றே முக்காலுக்கு
மூன்று கேபி போகும்.
சில நாள் ஒன்றும் திரும்பி வராது.
யாருக்கு என்று தேடியிருந்தால்
தெரிந்திருக்கும்.

முப்பத்தொன்பதாவது வரி எழுதினேன்:
பன்னிரண்டு என்றால்
தாண்டிப் போ.